ஹ்ருதய கமலமும் கருவின் குறையும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

தென்மேற்குப் பருவக்காற்று குற்றால மலைகளில் தங்கி, ஆனி ஆடி மாதங்களில் சாரலாகப் பொழிகின்றது. அந்நீர் பேரருவியாகவும் ஐந்தருவியாகவும் இறங்கி, சிற்றாறாய் ஓடி, தென்காசி வட்டாரத்து வயல்களில் பாய்ந்து நெல்லை விளைக்கின்றது. நெல் அன்னமாகின்றது, அன்னம் உடலாகின்றது. இவ்வூரார் ஆண்டுதோறும் கண்ணாரக் காணும் இவ்வழியையே சாந்தோக்ய உபநிஷத்து பஞ்சாக்நி வித்யையில் ஜீவாத்மா இறங்கி வரும் வழியாக உபதேசிக்கின்றது. மேலுலகில் வினைப்பயனைத் துய்த்து முடித்த ஜீவன், ஆகாசம், காற்று, புகை, மேகம், மழை என்னும் படிகளில் இறங்கிப் பயிரைச் சேர்ந்து, அன்னத்தின் வாயிலாகத் தந்தையையும் பின்னர்த் தாயையும் அடைந்து கருவாகிறான் என்பது அதன் கருத்து.

இங்ஙனம் நெடுந்தூரம் வந்த ஜீவனுக்கு அமையும் உடலில் ஹ்ருதயம் எவ்வாறு உருவாகின்றது? அது குறையோடு உருவாகுமாயின், அக்குறை யாருடையது? முதல் வினா அறிவைப் பற்றியது. இரண்டாவது வினாவோ பல வீடுகளில் கண்ணீரோடு கேட்கப்படுவது. பிறந்த குழந்தையின் இதயத்தில் துளை இருக்கிறது என்று மருத்துவர் கூறியவுடன், வீட்டார் பார்வை முதலில் திரும்புவது பெற்றவள் பக்கமே. கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்பர். சொன்னதைக் கேளாமல் எதையோ உண்டாள் என்பர். முற்பிறவிப் பாவம் என்பர். பேறுகால வேதனை தீராத அவள் இச்சொற்களையும் சுமக்கிறாள். சாஸ்திரத்தின் பெயரால் கூறப்படும் இப்பழியைச் சாஸ்திரம் ஏற்கின்றதா என்று ஆராய்வது நம் கடமையன்றோ?

முன்னோர் செய்த விசாரம்

கருவில் எந்த அங்கம் முதலில் தோன்றுகிறது என்பதைப் பற்றிப் பண்டைய ஆயுர்வேத ஆசிரியர்கள் விரிவாக வாதம் செய்துள்ளனர். ஸுச்ருத ஸம்ஹிதையின் சாரீர ஸ்தானத்தில் அவ்வாதம் காணப்படுகிறது. இந்திரியங்களுக்கெல்லாம் மூலமாதலின் தலையே முதலில் தோன்றும் என்றார் சௌனகர். புத்திக்கும் மனத்துக்கும் இருப்பிடமாதலின் ஹ்ருதயமே முதல் என்றார் க்ருதவீர்யர். உடல் வளர்வது தொப்புள் வழியே ஆதலின் தொப்புளே முதல் என்றார் பாராசர்யர். கைகால்கள் என்றார் மார்க்கண்டேயர்; நடுவுடல் என்றார் ஸுபூதி கௌதமர். இறுதியில் தன்வந்தரி பகவான் தீர்ப்புக் கூறுகிறார்: எல்லா அங்கங்களும் ஒருங்கே தோன்றுகின்றன, மிக நுண்ணியவை ஆதலின் தொடக்கத்தில் புலப்படுவதில்லை. மாம்பிஞ்சில் நாரும் சதையும் கொட்டையும் பிரித்தறிய முடியாதபடி கலந்திருந்து, கனியும்போது தனித்தனியே விளங்குவதையும், மூங்கில் முளையையும் அவர் உவமையாகக் காட்டுகிறார்.

அதே நூல், நான்காம் மாதத்தில் கருவின் ஹ்ருதயம் தெளிவாக வெளிப்படுவதால் அறிவும் வெளிப்படுகிறது என்றும், அப்போது தாய் இரண்டு ஹ்ருதயங்களை உடையவள் ஆகிறாள் என்றும் கூறுகிறது. ஆதலின் அவளுக்குத் ‘தௌஹ்ருதினீ’ என்று பெயர். நாம் மசக்கை என்று சொல்லும் ஆசைகளைக் கருவின் ஹ்ருதயமும் சேர்ந்து விரும்பும் ஆசைகளாக அந்நூல் கருதுகிறது. சரகரோ தாயிடமிருந்து குழந்தைக்கு வருபவை என்று எண்ணும் உறுப்புகளின் வரிசையில் ஹ்ருதயத்தையும் சேர்த்துள்ளார்.

இங்கு ஒன்றைக் கருத்தில் கொள்ளவேண்டும். கர்ப்பிணியின் ஆசையை மறுத்தால் குழந்தைக்கு ஊனம் நேரும் என்று ஸுச்ருதர் எச்சரிக்கிறார். இன்றைய மருத்துவம் இதனை அப்படியே ஒப்புக்கொள்வதில்லை. ஆயினும் அவ்வெச்சரிக்கை யாரை நோக்கியது? ஆசைப்பட்டவளை நோக்கியதன்று, மறுக்கும் வீட்டாரை நோக்கியது. சாஸ்திரம் கடமையை வைத்தது சுற்றத்தார் தலையில். அதை எடுத்துத் தாயின் தலையில் பழியாக வைத்தவர்கள் நாமே.

இன்றைய கருவியல் கூறுவது

மேல்நாட்டிலும் இவ்விசாரம் பழமையானதே. கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் பறவை முட்டையை நாள்தோறும் உடைத்துப் பார்த்து, மூன்றாம் நாள் அளவில் ஒரு குருதிப் புள்ளி துடிப்பதைக் கண்டு எழுதினார். 1628ஆம் ஆண்டு இரத்த ஓட்டத்தைப் பற்றிய நூலை வெளியிட்ட இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வியும் அப்புள்ளியைக் கண்டு வியந்தவரே.

இன்று நுண்ணோக்கிகளின் துணையால் அறியப்பட்டது இது. கருவுற்ற மூன்றாம் வாரத்தில், கரு சில மில்லிமீட்டர் நீளமே உடைய தட்டையான ஓர் இதழைப்போல் இருக்கும்போது, அதன் நடுப்படலத்தின் தலைமுனையில் குதிரைலாட வடிவில் சில உயிரணுக்கள் கூடுகின்றன. இதயம் உருவாகத் தொடங்கும் இடம் மார்பு அன்று. மூளை தோன்றவிருக்கும் இடத்துக்கும் முன்னால் உள்ள விளிம்பு. பின்னர்க் கரு தன்னைத்தானே மடித்துக்கொள்ளும்போது அப்பகுதி தலைக்குக் கீழே வந்து, படிப்படியாக மார்பை அடைகின்றது. இடத்திலும் வலத்திலும் தோன்றிய இரு குழல்கள் நடுவில் சேர்ந்து ஒரே குழலாகின்றன. ஏறத்தாழ 22ஆம் நாள் அக்குழல் துடிக்கத் தொடங்குகின்றது.

அத்துடிப்பைத் தொடங்கிவைக்க மூளையிலிருந்து நரம்பு எதுவும் வருவதில்லை. இதய உயிரணுக்கள் தாமாகவே சுருங்கி விரியும் இயல்பின. உடலிலிருந்து பிரித்துத் தக்க திரவத்தில் வைத்தாலும் அவை சிறிது காலம் துடித்துக்கொண்டிருக்கும். நேராக இருந்த குழல் அடுத்த சில நாட்களில் வலப்புறமாக வளைந்து முறுக்கிக்கொள்ள, கீழே இருந்த மேலறைப் பகுதி மேலே ஏறுகிறது. கீழறைப் பகுதி கீழே இறங்குகிறது. நான்காம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரை உள்ளே சுவர்கள் வளர்ந்து ஓர் அறை நான்கு அறைகளாகின்றது, வெளியேறும் பெருங்குழாய் இரண்டாகப் பிரிகின்றது, வால்வுகள் அமைகின்றன. எட்டாம் வாரம் முடியும்போது இதயத்தின் வடிவம் பெரும்பாலும் நிறைவுறுகின்றது.

ஸுச்ருதரும் நாராயண ஸூக்தமும் ஹ்ருதயத்தைக் கீழ்நோக்கிய தாமரை மொட்டுக்கு ஒப்பிட்டுள்ளதை அன்பர்கள் அறிவர். அதனால் கருவியல் முழுவதையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்று பெருமை பேசத் தேவையில்லை. ஸுச்ருதர் நான்காம் மாதம் என்றது ஹ்ருதயம் புலப்படும் காலத்தை. இன்றைய நூல் மூன்றாம் வாரம் என்பது அது துடிக்கத் தொடங்கும் காலத்தை. முதலில் தொழில் புரியும் உறுப்பு இதயமே என்பதால் க்ருதவீர்யர் கூற்றில் ஒரு பகுதி உண்மையாயிற்று. அதே வாரத்தில் மூளைக்கான தகடும் தோன்றுவதால் தன்வந்தரியின் தீர்ப்பிலும் ஒரு பகுதி உண்மையாயிற்று. உண்மையை நாடியவர்களைக் கௌரவிக்க இவ்வளவே போதும்.

எல்லா ஹ்ருதயத்திலும் ஒரு திறப்பு

இதயத்தில் துளை என்ற சொல்லைக் கேட்டவுடன் அஞ்சுகிறோம். ஆனால் தாயின் வயிற்றில் இருந்தவரையில் இதை வாசிக்கும் ஒவ்வொருவர் இதயத்திலும் ஒரு திறப்பு இருந்தது. வயிற்றிலுள்ள சிசு மூச்சு விடுவதில்லை; பிராணவாயுவும் உணவும் நஞ்சுக்கொடி வழியாகத் தாயிடமிருந்தே வருகின்றன. ஆகையால் வலது மேலறைக்கு வரும் நல்ல இரத்தம் நுரையீரலைச் சுற்றாமல் நேரே இடது மேலறைக்குச் செல்ல, நடுச்சுவரில் நீள்வட்டமான ஒரு வழி விடப்பட்டுள்ளது. குழந்தை பிறந்து முதல் மூச்சை இழுத்து அழுதவுடன் நுரையீரல் விரிகின்றது. இடப்புறத்தில் அழுத்தம் மிகுகின்றது. அவ்வழியின் மென்மையான கதவு தானே சாத்திக்கொள்கின்றது. நான்கில் ஒருவருக்கு அக்கதவு வாழ்நாள் முழுவதும் முற்றிலும் ஒட்டாமலே இருப்பதும் உண்டு. பெரும்பாலோர் அதனை அறியாமலே வாழ்கின்றனர்.

பிறவியில் காணும் நோய்த்துளைகள் வேறு வகை. கீழறைகளுக்கு இடையிலுள்ள சுவர் ஏழு எட்டு வாரங்களுக்குள் வளர்ந்து மூடவேண்டும். மூடாவிட்டால் அங்கே துளை நிற்கும். மேலறைச் சுவர் குறைவாக வளர்ந்தால் அங்கே நிற்கும். பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 8 அல்லது 9 குழந்தைகளுக்கு ஏதேனும் ஒருவகை இதயக் குறை உண்டு. சிறிய துளைகளில் பல நாளடைவில் தாமே மூடிக்கொள்கின்றன. வேறு சிலவற்றுக்குச் சிகிச்சை தேவை. இத்தனை மடிப்பும் முறுக்கும் சேர்க்கையும் பிரிவும் குறித்த நாட்களில் ஒன்றன்பின் ஒன்றாக நிகழவேண்டியிருக்க, 1,000இல் 990 ஹ்ருதயங்களுக்கு மேல் நன்றாக அமைகின்றனவே என்பதன்றோ வியப்பு!

குறை யாருடையது?

மேற்கூறிய காலக் கணக்கை மீண்டும் நினைவுகொள்க. ஹ்ருதயம் துடிக்கத் தொடங்கும் 22ஆம் நாளில், தான் கருவுற்றிருப்பதையே பல தாய்மார்கள் அறிந்திருப்பதில்லை. சுவர்கள் அமைந்து முடியும் காலத்திலும் அவள் நாள் தள்ளியதை உறுதி செய்துகொண்டு சில வாரங்களே ஆகியிருக்கும். தான் அறியாத காலத்தில், தன் கைக்கு எட்டாத இடத்தில் நிகழ்ந்ததற்கு அவளை எங்ஙனம் குற்றவாளி ஆக்குவது? பெரும்பாலான குறைகளுக்குத் தனியான ஒரு காரணத்தைச் சுட்டமுடியாது என்றே மருத்துவ நூல்கள் கூறுகின்றன. கருவின் முதல் மாதங்களில் தாக்கும் ருபெல்லா அம்மை, கட்டுப்படாத சர்க்கரை நோய், சில மருந்துகள், குரோமோசோம் மாறுபாடு, நெருங்கிய உறவில் நிகழும் மணம் ஆகியவை குறை நேரும் வாய்ப்பை மிகுவிக்கின்றன. கிரகணம் அக்காரணங்களில் இல்லை. இவற்றை அறிவது பழிப்பதற்காக அன்று, காப்பதற்காக. ருபெல்லாவுக்குத் தடுப்பூசி உண்டு. 2017ஆம் ஆண்டு தமிழகமெங்கும் குழந்தைகளுக்கு அது இயக்கமாகவே போடப்பட்டது. சர்க்கரையைக் கருத்தரிக்கும் முன்பே கட்டுப்படுத்தலாம்.

“கர்மம் இன்றி இவ்வாறு நேருமோ?” என்று சிலர் வினவலாம். ஜீவனுக்கு உடல் அமைவது அவனவன் வினைக்கு ஏற்பவே என்று சாஸ்திரம் கூறுவது உண்மை. ஆயின் அது அந்த ஜீவனின் அநாதியான வினை. பத்து மாதம் இடம் கொடுத்தவளின் குற்றம் அன்று. மேலும் கர்மத்தின் போக்கு அறிதற்கு அரியது என்று கீதையில் பகவானே அருளிச்செய்துள்ளான். அவனே அரியது என்றதை, தெருத்திண்ணையில் அமர்ந்து எளிதாகப் படித்துச் சொல்ல நாம் யார்?

கர்மத்தைப் பற்றிய உபதேசம் ஒருவன் தன்னை நோக்கிக் கொள்வதற்கு உரியது. கூரத்தாழ்வான் கண்களை இழந்து நின்றபோது, தம் பாவத்தாலன்றோ இவருக்கு இது நேர்ந்தது என்று எம்பெருமானார் வருந்தினார். ஆழ்வானோ, ஒரு வைஷ்ணவனின் திருமண் கோணலாக இருக்கிறது என்று தாம் எப்போதேனும் நினைத்திருக்கக்கூடும் என்றார். குருபரம்பரை காட்டும் இந்த நிகழ்ச்சியில் இருவரும் குற்றத்தைத் தத்தம் மேல் ஏற்றுக்கொண்டனர். ஒருவரும் மற்றவர் மேல் சுமத்தவில்லை. கர்மம் என்ற சொல்லை நாவில் எடுக்கும் உரிமை இம்முறையில் எடுப்பவர்க்கே உண்டு.

உத்தரையின் வரலாறும் நினைக்கத் தக்கது. அசுவத்தாமன் ஏவிய அஸ்திரம் தன் கருவை நோக்கி வந்தபோது அவள் கண்ணனிடம் ஓடினாள். தான் எரிந்தாலும் தன் கரு அழியலாகாது என்று வேண்டினாள். அவன் அவள் வயிற்றுக்குள் கட்டைவிரல் அளவினனாய்த் தோன்றி, கதையைச் சுழற்றிப் பரீக்ஷித்தைக் காத்தான் என்று ஸ்ரீபாகவதம் கூறுகிறது. இக்கரு ஏன் தாக்குண்டது, தாய் செய்த பிழை யாது என்று அவன் விசாரணை செய்யவில்லை.

குற்றாலத்துச் சிற்றாறு சீவலப்பேரியருகே தாமிரபரணியில் கலக்கின்றது. அத்தாமிரபரணியின் கரையிலேயே திருக்குருகூர் உள்ளது. அங்கே காரியாருக்கும் உடையநங்கையாருக்கும் பிறந்த திருக்குழந்தை அழவில்லை, பால் உண்ணவில்லை, கண் திறக்கவில்லை. உலக இயல்புக்கு மாறாக இருந்ததால் மாறன் என்றே பெயர் பெற்றது. இக்காலத்து வீடாக இருந்தால் உடையநங்கையாரை என்னென்ன சொல்லியிருப்பார்களோ! அப்பெற்றோர் குழந்தையை ஆதிநாதன் ஸந்நிதிக்கு எடுத்துச் சென்று, புளியமரத்தடியில் விட்டு, எம்பெருமான் திருவுள்ளத்துக்கு ஒப்புவித்தனர். பிறக்கும் உயிரைத் தீண்டி அறிவை மறைக்கும் சடம் என்னும் வாயுவை வென்ற சடகோபரே அக்குழந்தை என்பதை உலகம் பின்னர் அறிந்தது. குறையென்று கண்ணுக்குத் தோன்றுவதைக் கொண்டு ஒரு குழந்தையை அளக்கலாகாது என்பதற்கு நம்மாழ்வாரினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

தஹராகாசம்

இனி மிக நுண்ணிய வினா ஒன்று உண்டு. ஹ்ருதயம் எம்பெருமானுக்கு இருப்பிடம் என்கின்றன வேதாந்தங்கள். அந்த இருப்பிடத்திலேயே துளை இருந்தால், அவன் அங்கே குறைந்து இருப்பானோ?

சாந்தோக்யத்தின் தஹர வித்யை இவ்வுடலைப் பிரம்மபுரம் என்கிறது. அதில் சிறு தாமரை வீடாக ஹ்ருதயமும், அதனுள் தஹராகாசமும் உள்ளன என்கிறது. உடனே சிஷ்யர்கள் வாயிலாக ஓர் ஐயத்தையும் எழுப்புகிறது: உடல் முதுமையால் தளர்ந்து அழியும்போது எது எஞ்சும்? உடலின் மூப்பால் அது மூப்பதில்லை. உடல் அழிவால் அது அழிவதில்லை என்பதே விடை. மூப்புக்கு விடையான இதுவே பிறவிக் குறைக்கும் விடை. தசையிலுள்ள துளை தஹராகாசத்தைத் தொடுவதில்லை. ஸ்ரீபாஷ்யகாரர் தஹராதிகரணத்தில் அவ்வாகாசம் பரமாத்மாவே என்று நிலைநாட்டியுள்ளார். எங்கும் நிறைந்த அவனைக் கட்டைவிரல் அளவினன் என்று உபநிஷத்து கூறுவது, மனித ஹ்ருதயத்தின் அளவை முன்னிட்டே என்றும் ப்ரம்ம ஸூத்திரம் தெளிவாக்குகிறது. ஹ்ருதயம் எள்ளினும் சிறிதாய்த் துடிக்கும் மூன்றாம் வாரத்தில் அவன் அவ்வளவினன். குறையோடு துடித்தால் அங்கும் குறைவற நிறைந்தவன். இடத்தின் சிறுமையைப் பாராமல் வந்து தங்குவதையே ஸௌலப்யம் என்று பெரியோர் கொண்டாடினர்.

அப்படியாயின் முதல் துடிப்பைத் துடிக்கச் செய்பவன் யார்? உயிரணுவின் இயல்பு என்று விஞ்ஞானம் கூறும். அந்தர்யாமி என்று வேதாந்தம் கூறும். இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. விஞ்ஞானம் காரணம் காட்ட முடியாத இடத்தில் மட்டும் ஒளிந்திருப்பவன் அல்லன் எம்பெருமான். உயிரணுவும் அதன் இயல்பும் அவனுக்குச் சரீரம், அவன் சரீரி. அறிந்த காரணத்திலும் உள்நின்று நடத்துபவன் அவனே.

ஜீர்ணோத்தாரணம்

கோயிலுக்குக் கடைக்கால் இடும்போது கர்ப்பந்யாஸம் செய்வது ஆகம விதி. மூலவர் எழுந்தருளியுள்ள இடத்துக்குக் கர்ப்பக்ருஹம் என்று பெயர். விமானத்தில் விரிசல் கண்டால், கட்டிய ஸ்தபதியின் தாயைத் திட்டுவார் உண்டோ? பாலாலயம் அமைத்து, ஆராதனம் ஒருநாளும் நில்லாமல் அங்கே நடக்கச் செய்து, திருப்பணியை முடித்து, ஸம்ப்ரோக்ஷணம் செய்கிறோம். இதய அறுவைச் சிகிச்சையும் இத்தகையதே. இதயத்தைச் சற்று நிறுத்தி வைத்து, அதன் தொழிலை ஓர் இயந்திரம் ஏற்று நடத்த, மருத்துவர் உள்ளே துளையை அடைக்கிறார். பின்னர் இதயம் மீண்டும் துடிக்கின்றது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1953ஆம் ஆண்டு மே மாதம் அவ்வியந்திரத்தைக் கொண்டு முதன்முதலில் வெற்றியாக முடிக்கப்பட்ட சிகிச்சை, ஓர் இளம்பெண்ணின் மேலறைச் சுவர்த் துளையை மூடியதே ஆகும். உவமை ஒரு பகுதிக்கே பொருந்தும். ஆயினும் பழுதைக் கண்டால் பழிப்பதை விட்டுப் பணி செய்யவேண்டும் என்னும் பொருள் இரண்டிலும் ஒன்றே.

ஆகவே வீட்டார் செய்யத்தக்கவை இவை. பால் குடிக்கையில் குழந்தை மூச்சு வாங்கி நிறுத்தி நிறுத்திக் குடித்தால், நெற்றி வியர்த்தால், உதடும் நாக்கும் நீலம் பாய்ந்தால், எடை ஏறாவிட்டால், நாள் பார்க்காமல் மருத்துவரிடம் எடுத்துச் செல்க. கருவிலேயே 18 முதல் 22 வாரங்களுக்குள் ஒலியலைக் கருவியால் இதயத்தைப் பார்த்துக்கொள்ளலாம். 2013ஆம் ஆண்டு தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வஸ்திய கார்யக்ரம் திட்டத்தில் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கின்றனர். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதய அறுவைச் சிகிச்சைகளும் அடங்கும். தென்காசி 2019இல் தனி மாவட்டமான பின் தலைமை மருத்துவமனையும் ஊரிலேயே உள்ளது. அங்கே வழி கேட்டு மேற்செல்லலாம். சீமந்தமும் எட்டாம் மாதத்து விஷ்ணுபலியும் செய்வது கருவின் க்ஷேமத்துக்காகவே. அதே க்ஷேமத்துக்காக மருத்துவம் செய்வது அவற்றுக்கு மாறாகாது.

உத்ஸவத்துக்கு வரும் கூட்டத்தில், நீலம் பாய்ந்த உதடுகளுடைய குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஓரமாக நிற்கும் தாய் ஒருத்தி இருக்கக்கூடும். அவளிடம் காரணம் கேளாதீர். முன்னே வரச்சொல்லி வழி விடுங்கள். தீர்த்தமும் சடாரியும் அக்குழந்தைக்கு முதலில் கிடைக்கட்டும். அதன் சிறு ஹ்ருதயத்தில் வீற்றிருப்பவனும் கர்ப்பக்ருஹத்தில் ஸேவை ஸாதிப்பவனும் ஒருவனே. அவன் திருவருளால் கருவிலுள்ள சிசுக்களும், அவர்களைச் சுமக்கும் தாய்மாரும், குறையோடு பிறந்த குழந்தைகளும் தீர்க்காயுளோடு வாழ்வார்களாக.

சுபம்.